பனிக்கட்டி கல்லைவிட மென்மை, பிறகு எப்படி மலையைச் செதுக்குகிறது?

#1 கூழாங்கல்

வணக்கம். புவியியலை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கிறேன். பனியாற்று நிலவடிவங்கள் பகுதியில் பெயர்களெல்லாம் மனப்பாடம். சர்க், அரெட், மொரைன், டிரம்லின், எஸ்கர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இவை எப்படி உருவாகின்றன என்று யோசித்தால் முதல் வரியிலேயே முட்டுகிறது.

மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் பூச்சியம் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டிக்கு ஒன்றரைதான். நம் நகத்துக்கே இரண்டரை. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸுக்கு ஏழு. ஒன்றரை போய் ஏழைச் சுரண்டுமா? "பனியாறு தன் எடையால் பாறையை அரிக்கிறது" என்று எழுதிவிட்டுப் புத்தகம் அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறது.

இன்னொன்று. பெரிகிளேசியல் நிலம், அதாவது உறைபனி வடிவமைக்கும் நிலம் என்று அடுத்த அத்தியாயம். அதில் உதாரணமாகக் காட்டும் சைபீரியச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் பனியாறே கிடையாது. அதை ஏன் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் நல்லது.

#2 மலைக்காகம்

நல்ல கேள்வி. முதல் பாதிக்குப் பதில் உப்புத்தாள். அதில் தாளா மரத்தை இழைக்கிறது? ஒட்டியிருக்கும் மணல்தான். பனியாற்றின் அடிப்பகுதியில் மணல் முதல் பாறாங்கல் வரை பதிந்திருக்கும். பனி அவற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, சுரண்டுவது கல்.

ஆனால் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உப்புத்தாள் நகர்ந்தால்தானே தேயும்? அடியில் உள்ள பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குப் பனி இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வழுக்க வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் வேண்டும். பனியாற்று நிலவடிவங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் நான் "பனி எவ்வளவு தடிமன்?" என்று கேட்க மாட்டேன், "அடித்தளம் ஈரமா, உறைந்ததா?" என்றுதான் கேட்பேன்.

அடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அழுத்தம் கூடினால் பனியின் உருகுநிலை சற்றே இறங்கும். இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி, அவ்வளவுதான். பூமிக்குள்ளிருந்து கசியும் வெப்பம், நகரும்போது ஏற்படும் உராய்வு, கோடையில் மேற்பரப்பில் உருகி வெடிப்புகள் வழியே கீழே விழும் நீர், எல்லாம் சேர்ந்துதான் அடித்தளத்தை ஈரமாக்குகின்றன.

தேய்ப்பது ஒரு வேலை என்றால் பிடுங்குவது இன்னொரு வேலை. பனி ஒரு பாறை மேட்டின் மீது ஏறும்போது ஏறும் பக்கத்தில் அழுத்தம் அதிகம், அங்கே வழவழவென்று தேய்க்கிறது. தாண்டி இறங்கும் பக்கம் பனிக்கும் பாறைக்கும் இடையே சிறு குகைபோல் இடைவெளி உண்டாகும், அதில் நீரின் அழுத்தம் ஏறி இறங்கும். நீரழுத்தம் திடீரென்று குறையும்போது பனியின் சுமை முழுவதும் பாறை விளிம்பின்மேல் வந்து உட்காரும். ஏற்கெனவே இருந்த விரிசல் நீளும், கல் பெயரும், பனி அதைத் தூக்கிக்கொண்டு போகும். ரோஷ் மூத்தோனே என்று படித்திருப்பீர்களே, அந்தப் பாறை மேடுகளின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் படிபடியாக உடைந்தும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படி ஒரு பாறை கிடைத்தால் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வழவழப்பான பக்கத்தில் இணைகோடுகளாகக் கீறல்கள் ஓடும். சில கீறல்கள் மெலிதாகத் தொடங்கி, போகப்போக ஆழமாகி, சட்டென்று ஒரு குழியில் முடியும். கீறிக்கொண்டு வந்த கல் அங்கே உடைந்திருக்கும், அல்லது பனி அதை விட்டுவிட்டுப் போயிருக்கும். தேய்ந்த தூள்தான் பனியாற்று நீரைப் பால் நிறமாக்குவது. கோமுகத்தில் வெளியே வரும் பாகீரதியின் சாம்பல் கலங்கலும் அதே கல்மாவுதான்.

#3 சும்மா_ஒருவன்

துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன். தொடருங்கள்.

#4 எதிர்க்கட்சி

மலைக்காகம் எழுதியது: *அடியில் உள்ள பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.*

இதை அப்படியே ஏற்க முடியவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள், கிலோமீட்டர் கணக்கில் பனி. பனிக்குள்ளேயே உருமாற்றம் நடந்து அது பாய்கிறது என்றுதான் நானும் படித்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காது என்றால் எப்படி?

#5 மலைக்காகம்

பாய்கிறது, மறுக்கவில்லை. மேலே ஏறக்குறைய ஐம்பது மீட்டர்வரை பனி உடையும், வெடிப்பு விடும். அதற்குக் கீழே உடையாமல் மெல்ல உருமாறி நகரும். பனியை உருமாற்றும் விசையை இரட்டிப்பாக்கினால் உருமாறும் வேகம் எட்டு மடங்கு ஏறும், ஜான் கிளென் 1950களில் ஆய்வகத்தில் கண்டறிந்த விதி. ஆனால் அந்த நகர்வெல்லாம் பனிக்குள் நடக்கிறது. பாறையைத் தொடும் கடைசிப் படலம் அசையவில்லை என்றால் தேய்மானம் எங்கிருந்து வரும்?

ஆதாரம் கேட்பீர்கள், தருகிறேன். கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற இடத்தில் 1966 இல் ஏறக்குறைய 1,390 மீட்டர் பனியைத் துளைத்து, அடியிலிருந்த உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். மண் பல்லாண்டுகள் யாரும் கவனிக்காமல் உறைபெட்டியில் கிடந்தது. பிறகு பிரித்துப் பார்த்தபோது உள்ளே சிறு குச்சிகள், இலைத் துணுக்குகள், பாசி. 2021 இல் ஆய்வு வெளியானது. அந்த இடம் சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனியின்றித் திறந்து கிடந்தது என்று 2023 இல் அடுத்த ஆய்வு. அதற்குப் பிறகு இவ்வளவு பனி மேலே ஏறி உட்கார்ந்தும் ஒரு குச்சி கலையவில்லை. இது அரிப்பா, பாதுகாப்பா?

வடக்கு ஸ்வீடனிலும் கனடாவின் பாஃபின் தீவிலும் இதே கதை. பனித்தகடு போர்த்தியிருந்த மேட்டு நிலங்களில், விரல் வைத்தால் உதிர்கிற நிலையில் இருக்கும் பழைய பாறைக் குவியல்கள் அப்படியே நிற்கின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அதே பனித்தகட்டின் ஈரமான அடித்தளம் ஓடிய இடத்தில், ஆழமான பள்ளத்தாக்கு.

அரிப்பு வேகத்தைப் பாருங்கள். துருவப் பகுதியின் உறைந்த அடித்தளம் கொண்ட பனியாறுகளில் ஆண்டுக்கு 0.01 மில்லிமீட்டர் அளவு. ஆல்ப்ஸின் சிறு பனியாறுகளில் ஒரு மில்லிமீட்டர். தென்கிழக்கு அலாஸ்காவில் வேகமாகப் பாயும் ஈரமான பனியாறுகளில் பத்து மில்லிமீட்டருக்கும் மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். எடையால் மட்டும் இது வருமா?

#6 எதிர்க்கட்சி

குச்சி விஷயம் தெரியாது. அலாஸ்காவில் நிலத்தட்டு மோதலால் உடைந்து நொறுங்கிய பாறை என்பதும் கணக்கில் வர வேண்டும். எல்லாவற்றையும் தண்ணீர் தலையில் கட்டாதீர்கள்.

#7 மலைக்காகம்

நியாயம். விரிசல் விட்ட பாறை சீக்கிரம் பெயரும். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் காப்பிடன் போன்ற பாறைச் சுவர்கள் நிமிர்ந்து நிற்பதற்கும் அந்தக் கருங்கல்லில் விரிசல் குறைவு என்பதுதான் காரணம்.

#8 கூழாங்கல்

நன்றி அண்ணா, இப்போதுதான் பிடிபடுகிறது. அப்படியே யூ வடிவப் பள்ளத்தாக்கு பற்றியும் சொல்லுங்கள். ஆறு வி வடிவம், பனியாறு யூ வடிவம் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஏன் யூ?

#9 மலைக்காகம்

ஆறு பள்ளத்தாக்கின் அடியில் ஒரு கோடாக மட்டும் ஓடுகிறது. அது கீழே வெட்ட வெட்ட, இரண்டு சரிவுகளும் சரிந்து அதில் விழும், ஆகவே வி. பனியாறோ பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு போகிறது. பக்கச் சுவரையும் சேர்த்துத் தொடுகிறது, தேய்க்கிறது. நடுவில் வேகம் அதிகம் என்றாலும் சரிவின் நடுப்பகுதியிலும் அரிப்பு கணிசமாக இருப்பதால் வி மெல்ல அகன்று யூ ஆகிறது. சில பள்ளத்தாக்குகளின் தட்டையான அடிக்குப் பனி காரணமே இல்லை. பின்னால் வந்த ஆற்று மணலும் ஏரி வண்டலும் நிரம்பித் தட்டையானவை அவை, கீழே தோண்டினால் பாறை இன்னும் ஆழத்தில் வளைந்து கிடக்கும்.

கிளைப் பனியாறு சிறியது, அரிக்கும் பலம் குறைவு. பனி போன பிறகு கிளைப் பள்ளத்தாக்கு அந்தரத்தில் தொங்கும். யோசெமிட்டியின் பிரைடல்வெயில் அருவி 188 மீட்டர் விழுவது அப்படிப்பட்ட ஒரு விளிம்பிலிருந்துதான்.

என்னைக் கேட்டால் யூ வடிவத்தைவிடச் சுவையானது பள்ளத்தாக்கின் நீளவாட்டு வெட்டு. ஆறு எப்போதும் கீழ்நோக்கித்தான் வெட்டும். பனியாறு பள்ளம் தோண்டிவிட்டு மறுபடி மேடேறும். நார்வேயின் சொக்னே ஃபியோர்டு (பனியாறு தோண்டி, கடல் புகுந்த பள்ளத்தாக்கு) உள்ளே 1,300 மீட்டருக்கு மேல் ஆழம், கடலைச் சேரும் வாயில் 200 மீட்டர்கூட இல்லை. உள்ளே கிளைகள் எல்லாம் சேர்ந்து பனி குவிந்து ஓடிய இடத்தில் ஆழமாகத் தோண்டியது, வாய்க்கு வந்ததும் பனி விரிந்து மெலிந்து பலம் இழந்தது.

#10 புல்வெளி_மேய்ப்பன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பனி மேடேறும் என்றால் அதன் அடியில் ஓடும் தண்ணீரும் மேடேறுமா? எஸ்கர்கள் சில இடங்களில் குன்றின் மீது ஏறி இறங்குவதாக எங்கோ வாசித்த நினைவு. ஆறு மேடேறியதாக எழுதியிருந்ததைப் பார்த்து அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன்.

#11 மலைக்காகம்

அச்சுப்பிழை இல்லை. பனிக்கு அடியில் குழாய்போல மூடிய பாதையில் தண்ணீர் ஓடுகிறது. மேலே உள்ள பனியின் எடை அதை அழுத்துகிறது. தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்குத் தள்ளுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தண்ணீரின் திசையை முடிவு செய்வதில் பனி மேற்பரப்பின் சாய்வுக்கு, அடியிலுள்ள நிலச் சாய்வைவிடச் சுமார் பத்து மடங்கு பலம். ஆகவே நிலம் மேடானாலும், அது அளவுக்கு மீறிய செங்குத்தாக இல்லாதவரை, தண்ணீர் ஏறிப் போகும்.

அந்தக் குழாய்க்குள் படிந்த மணலும் கூழாங்கல்லும்தான் பனி உருகியபின் நீண்ட கரையாக நிற்கும் எஸ்கர். பின்லாந்திலும் ஸ்வீடனிலும் கிலோமீட்டர் கணக்கில் வளைந்து போகும். எஸ்கரைப் பார்த்தால் அன்றைக்கு அங்கே பனியின் மேற்பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம். அதுதான் அதன் உண்மையான பயன்.

அடித்தள நீர் எப்போதும் சாதுவாக ஓடுவதில்லை. ஐஸ்லாந்தில் 1996 இல் பனித்தகட்டுக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் சேர்ந்தது. நவம்பர் தொடக்கத்தில் பனியையே தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. உச்சத்தில் நொடிக்கு ஏறக்குறைய 50,000 கனமீட்டர். நெடுஞ்சாலைப் பாலம் போயிற்று, வீட்டளவு பனிக்கட்டிகள் மணல்வெளியில் சிதறிக் கிடந்தன. அவை பாதி மணலில் புதைந்து மெல்ல உருகியபோது குழிகள் விழுந்தன. கெட்டில் குழி எப்படி உருவாகிறது என்று அங்கே நேரிலேயே பார்க்க முடிந்தது.

#12 எதிர்க்கட்சி

அப்படியானால் டிரம்லின், பனி ஓடிய திசையில் நீண்டு கிடக்கும் அந்த முட்டை வடிவ மேடு? அதுவும் தண்ணீர்தானா? ஜான் ஷா என்பவர் பனிக்கு அடியில் பாய்ந்த பெருவெள்ளம்தான் டிரம்லின்களைச் செய்தது என்கிறார். உங்கள் கட்சிக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார்.

#13 மலைக்காகம்

அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் மேடுகளுக்கெல்லாம் வெள்ளம் வேண்டுமென்றால் அவ்வளவு தண்ணீர் எங்கே தேங்கியிருந்தது என்று சொல்ல வேண்டும், அங்கேதான் அந்தக் கருத்து இடறுகிறது. பெரும்பாலானோர் ஏற்பது, நீர் ஊறிக் குழைந்த வண்டல் படுக்கையைப் பனி இழுத்துக்கொண்டு போகும்போது படுக்கை தானாகவே அலையலையாக மடிகிறது என்பதைத்தான். அன்டார்டிகாவில் ரட்ஃபோர்டு பனியோடைக்கு (பனித்தகட்டுக்குள் வேகமாகப் பாயும் பட்டை) அடியில் நிலநடுக்க அலை அளவீட்டால் பார்த்தபோது, சில ஆண்டு இடைவெளியிலேயே ஒரு மேடு புதிதாக எழுந்திருப்பது தெரிந்தது. 2007 இல் வெளிவந்தது. ஐஸ்லாந்தின் மூலாயோகுல் பனியாற்றின் முன்னும் இன்றைக்கும் டிரம்லின்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. வெள்ளம் எதுவும் தேவைப்படவில்லை.

#14 எதிர்க்கட்சி

இரண்டு மூன்று இடத்தில் பார்த்ததை வைத்து வட அமெரிக்கா முழுவதற்கும் தீர்ப்பு எழுதலாமா? எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. சரி, விடுங்கள், இது இந்த இழையில் தீராது.

#15 நெறியாளர்

படங்களைச் சிறிதாக்கிப் பதிவிடவும். இருபது மெகாபைட் படம் யாருக்கும் திறக்கவில்லை. டிரம்லின் விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம்.

#16 சாலைக்கல்

கூழாங்கல்லின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் கட்டுமானத் துறை. உயரமான மலைச்சாலைகளில் வேலை பார்த்த அனுபவம் உண்டு, பனியாற்றைவிட உறைநிலத்தோடுதான் எனக்குப் பழக்கம். அதனால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சைபீரியாவில் பனியாறு இல்லை என்கிறீர்கள். அதனால்தான் அங்கே உறைநிலம் இவ்வளவு ஆழம். கடைசிப் பனியுகத்தில் கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் பனித்தகடு போர்வைபோல மூடிக் கடுங்குளிர் நேராகத் தரையில் இறங்காமல் தடுத்தது. சைபீரியாவின் யாகுட்டியாச் சமவெளியில் மழையும் பனிப்பொழிவும் குறைவு, பனித்தகடு வளரவில்லை. வெறும் தரை நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டு ஆயிரமாயிரம் ஆண்டுகள் குளிர்ந்தது. சில இடங்களில் 1,500 மீட்டர் ஆழம்வரை உறைந்திருக்கிறது.

பனியாறு பக்கத்தில் இருக்கிறதா என்பதே இங்கே முக்கியமில்லை. 1909 இல் வாலெரி லோசின்ஸ்கி பெரிகிளேசியல் என்ற கருத்தை முன்வைத்தபோது கார்பேத்திய மலைகளில் பனித்தகட்டின் ஓரத்தில் உறைபனியால் நொறுங்கிய கல்வெளிகளை மனத்தில் வைத்திருந்தார். இன்று உறைவதும் உருகுவதும் எங்கே நிலத்தை வடிவமைக்கிறதோ அதெல்லாம் இந்தப் பாடத்தில் அடங்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூச்சியத்துக்குக் கீழே இருக்கும் நிலம் நிரந்தர உறைநிலம். அதன் மேல் கோடையில் உருகிக் குளிர்காலத்தில் உறையும் ஒரு தோல் உண்டு, சில இடங்களில் முழங்கால் அளவு, சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேல். கூத்தெல்லாம் அந்தத் தோலில்தான்.

#17 கூழாங்கல்

தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், அதனால் பாறை வெடிக்கும், தரை உப்பும். இதுதானே?

#18 சாலைக்கல்

எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் பெரிய பங்கு அதற்கில்லை. ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்கர் 1930 வாக்கில் ஒரு சோதனை செய்தார். தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும், விரியாது. ஒன்பது சதவீதக் கதை உண்மை என்றால் மண் அமுங்கியிருக்க வேண்டும். மண் உப்பியது!

நடப்பது இதுதான். மண் துகள்களை ஒட்டி மிக மெல்லிய நீர்ப்படலம் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாமல் இருக்கும். உறையும் முனை அந்தப் படலத்தின் வழியே கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். வந்த நீர் அங்கேயே உறைந்து தூய பனி வில்லையாக வளரும். வில்லை தடிக்கத் தடிக்க மேலே உள்ள மண்ணைத் தூக்கும். மண்ணில் ஏற்கெனவே இருந்த தண்ணீர் விரிந்ததால் இவ்வளவு உயராது, புதிதாக வந்து சேர்ந்ததால் உயர்கிறது. பாறை விரிசலிலும் அதே உறிஞ்சல்தான். அதனால்தான் பாறை உடையச் சரியான குளிர் பூச்சியத்தில் இல்லை, பொதுவாக மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் எட்டு வரை என்பார்கள். அதற்கு மேலே உறிஞ்சும் பலம் போதாது, கீழே போனால் தண்ணீர் நகரவே முடியாமல் கெட்டியாகிவிடும்.

எங்கள் துறையில் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். நுண்வண்டல் மண் இருந்தால் சாலை உப்பும், உருகும்போது களியாகும். அடியில் சரளை போட்டால் தண்ணீர் மேலே ஏறும் பாதை அறுந்துபோகும். ஒரு வேலையில் மேலதிகாரி சரளையைக் குறைத்துச் செலவு மிச்சம் என்றார், அடுத்த வசந்தத்தில் அந்தத் துண்டு அலையலையாகக் கிடந்தது. சரி, அது வேறு புலம்பல்.

#19 புல்வெளி_மேய்ப்பன்

வடதுருவப் பக்கமுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் எடுத்த படங்களில் கற்கள் வட்ட வட்டமாக, யாரோ அடுக்கி வைத்த மாதிரி இருக்குமே, அதுவும் இதே உப்பலா?

#20 சாலைக்கல்

அதே உப்பல், பல நூறு முறை. நுண்மண் அதிகமுள்ள இடம் அதிகம் உப்பும். உப்பிய மேட்டிலிருந்து கல் ஓரத்துக்கு உருளும். கல் சேர்ந்த ஓரம் நீர் பிடிக்காது, அதனால் குறைவாக உப்பும். வித்தியாசம் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். நடுவில் மண், சுற்றிலும் கல் வளையம். கெஸ்லர், வெர்னர் என்ற இருவர் 2003 இல் இதுபோன்ற சில எளிய விதிகளை மட்டும் கணினியில் ஓட்டி, வட்டம், பலகோணம், சரிவில் பட்டை என்று எல்லா வடிவங்களையும் வரவழைத்துக் காட்டினார்கள். சரிவு கொஞ்சம் கூடினால் வட்டம் இழுபட்டுப் பட்டையாகிறது.

ஆனால் ஆகாயத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் பத்து முப்பது மீட்டர் அகலப் பலகோணங்கள் வேறு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். கடுங்குளிரில் உறைந்த தரை சுருங்கி வெடிக்கும். வெடிப்பு சில மில்லிமீட்டர்தான். வசந்தத்தில் உருகிய நீர் அதில் இறங்கி உறையும். அடுத்த குளிர்காலத்தில் அதே பலவீனமான இடம் மறுபடி வெடிக்கும். நூற்றாண்டுகள் போனால் மேலே ஓரிரு மீட்டர் அகலமுள்ள பனி ஆப்பு. அலாஸ்காவில் லெஃபிங்வெல் இதை 1915 இலேயே எழுதிவிட்டார். உருகிப்போன ஆப்பின் இடத்தில் மணல் நிரம்பி நிற்பதை இன்று உறைநிலம் துளியும் இல்லாத இங்கிலாந்து வயல்களின் அடியிலும் பார்க்கலாம். ஒரு காலத்தில் அங்கே எவ்வளவு குளிர் என்பதற்கு அதுவே சாட்சி.

பிங்கோவையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது. ஏரி ஒன்று வற்றினால் அதன் அடியில் உறையாமல் இருந்த ஈர மணலைச் சுற்றிலுமிருந்து உறைவு நெருக்கும். தண்ணீர் தப்பிக்க வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மெலிந்த இடத்தில் தரையையே குன்றாகத் தூக்கும். உள்ளே பனிக்கட்டிக் கரு. கனடாவின் டுக்டோயக்டுக் பக்கத்தில் உள்ள இப்யுக் பிங்கோ 49 மீட்டர், இன்னும் வளர்கிறது. ராஸ் மக்காய் இந்தப் பகுதியிலேயே வாழ்நாளெல்லாம் அளந்தவர். உறைநிலம் எப்படி வளர்கிறது என்று பார்க்க 1978 இல் ஒரு ஏரியையே வெட்டி வடித்துவிட்டுக் காத்திருந்தார்.

#21 சும்மா_ஒருவன்

ஏரியை வடித்துவிட்டுக் காத்திருப்பதா! ஆராய்ச்சி மானியத்தில் "மீதி முப்பது ஆண்டு பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருப்பார் போல.

#22 கூழாங்கல்

அப்படியென்றால் பனியாறும் தண்ணீர், உறைநிலமும் தண்ணீர். இரண்டும் ஒரே மலையில் சந்திக்கும் இடம் உண்டா? இமயமலையில் எப்படி?

#23 மலைக்காகம்

சந்திக்கும் இடம்தான் இன்று ஆபத்தான இடம். பனியாறு பின்வாங்கினால், தான் சுமந்துவந்து குவித்த மொரைன் கரைகளுக்கு நடுவே ஏரியை விட்டுச் செல்கிறது. கரையில் குவிந்த கல்லும் மண்ணும் பல இடங்களில் உள்ளே உறைந்திருப்பதால்தான் நிற்கின்றன. சிக்கிமில் 2023 அக்டோபர் 3 இரவு தெற்கு லோனாக் ஏரியின் பக்கவாட்டு மொரைன் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. அது உறைந்திருந்த கரை. அலை எழும்பி முன்கரையை உடைத்தது, டீஸ்டா நதியில் வெள்ளம், சுங்தாங் அணை போயிற்று. பனியாறு கட்டிய கரை, உறைநிலம் அதைப் பிடித்து வைத்திருந்தது, பிடி தளர்ந்தது. செய்திகளில் "பனியாறு உருகியதால்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பனி விலகியபின் நிலம் உடனே அமைதியாவதில்லை. தாங்கி நின்ற பனி போனதும் பக்கச் சுவர்கள் சரியும், தளர்ந்த மொரைனை மழை அள்ளிக்கொண்டு போகும், ஆறுகள் சுமக்க முடியாத அளவு வண்டலைப் பெறும். சில ஆயிரம் ஆண்டுகள்கூட நீடிக்கலாம். தரையே மெல்ல எழும்புவதும் உண்டு. போத்னியா வளைகுடாவின் கரை இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயர்கிறது, பனியின் எடை போய்ப் பத்தாயிரம் ஆண்டான பிறகும்.

#24 சாலைக்கல்

உறைநிலம் உருகினால் என்ன ஆகும் என்பதற்கு யாகுட்டியாவின் படகாய்கா பள்ளம். 1960களில் காட்டை வெட்டினார்கள், தரையின் நிழல் போனது, உள்ளிருந்த பனி உருகத் தொடங்கியது. இன்று ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது. ஒருமுறை பனி நிறைந்த சுவர் வெயிலுக்குத் திறந்துவிட்டால் அதை மூடுவது யாராலும் ஆகாது.

#25 புல்வெளி_மேய்ப்பன்

ஒரு படம் இணைத்திருக்கிறேன் (சுருக்கிவிட்டேன், நெறியாளர் கவனிக்க). ஒரு மலைப் பள்ளத்தாக்கின் குறுக்கே வளைந்த மேடு. கூர்மையான கற்கள், எல்லா அளவும் கலந்து. பழைய பனியாற்றின் முனை மொரைன் என்று வழிகாட்டி சொன்னார். நம்பலாமா?

#26 மலைக்காகம்

படத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். எல்லா அளவுக் கல்லும் கலந்த குவியல் என்பது பனியாற்றுக்கு மட்டும் சொந்தமில்லை, பெரிய நிலச்சரிவும் அதையேதான் கொட்டும். காரகோரத்தில் பனியுக மொரைன் என்று வரைபடத்தில் குறித்த பல மேடுகளை கென்னத் ஹெவிட் 1990களில் மறுபடி பார்த்துவிட்டு அவை பாறைச்சரிவுகள் என்றார். அதோடு அந்தப் பள்ளத்தாக்குகளின் பனியுக வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

நியூசிலாந்தின் வைஹோ வளையம் இன்னும் சிக்கலானது. ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாற்றுக்குக் கீழே அரைவட்டமாக நிற்கும் அழகான மேடு. பனியுகத்தின் முடிவில் திடீர்க் குளிர் வந்து பனியாறு முன்னேறியதற்கு ஆதாரம் என்று பல்லாண்டுகள் காட்டப்பட்டது. கல்லை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒரே வகை மணற்கல், அந்தப் பனியாற்றின் மற்ற மொரைன்களில் ஏடேடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறை மிகுதி. மலையின் ஒரு பக்கம் சரிந்து பனியாற்றின் மேல் விழுந்து, கல் போர்த்திய பனி உருகாமல் முன்னே நீண்டிருக்கலாம் என்று 2008 இல் ஒரு குழு எழுதியது. வடிவம் மொரைன், சுமந்தது பனியாறு, காரணம் நிலச்சரிவு, குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். விவாதம் ஓயவில்லை.

அடுத்த முறை போனால் கற்களின் வகையைப் பாருங்கள். பள்ளத்தாக்கின் மேல்பகுதி முழுவதிலிருந்தும் வந்த பல வகைக் கற்கள் இருந்தால் பனியாற்றுக்குச் சாதகம், ஒரே வகை என்றால் எதிரே எந்தச் சுவரில் வடு இருக்கிறது என்று நிமிர்ந்து தேடுங்கள். உடைந்தும் பிரியாமல், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் கல் இருந்தால் அது பாறைச்சரிவின் கையெழுத்து. முனை மழுங்கி, தட்டையான முகத்தில் கீறல் உள்ள கல் கிடைத்தால் பனியாற்றின் அடியில் பயணித்தது. முழுக்கக் கூர்மை என்றால் பனியின் முதுகில் ஏறி வந்ததாகவும் இருக்கலாம், ஆகவே கூர்மை ஒன்றை வைத்து எதையும் தள்ளிவிடாதீர்கள்.

#27 எதிர்க்கட்சி

வயது பார்க்க வேண்டுமென்றால்? பெரிலியம்-10 முறை (விண்கதிர் பட்டுக் கல்லில் சேரும் அந்த அணுவை அளந்து, கல் எவ்வளவு காலம் வெளியே கிடந்தது என்று கணிப்பது) இருக்கிறதே, கல்லின் மேல் முகத்தைச் சீவி அனுப்பினால் போதும்தானே?

#28 மலைக்காகம்

போதாது, எந்தக் கல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மொரைனின் முகட்டில், தரையிலிருந்து நன்றாக உயர்ந்து, அசையாமல் பதிந்திருக்கும் பெரிய கல் வேண்டும். மேடு கரைந்து பின்னால் வெளியே வந்த கல் என்றால் வயது குறைவாகக் காட்டும். மலைச்சுவரில் ஏற்கெனவே விண்கதிர் பட்டுக்கொண்டிருந்து விழுந்த கல் என்றால் கூடுதலாகக் காட்டும். அதனால் ஒரே மேட்டில் ஐந்தாறு கல் எடுப்பார்கள். வயதுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் நிம்மதி, சிதறினால் மறுபடி விவாதம்தான். வைஹோவிலும் அதுதான் நடந்தது.